ராத்திரி உடைந்த டெஸ்ட் காலையில் ஏன் பாஸ் ஆகிறது?

கேள்வி: சந்திப்பு அறைகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறோம். ஒரே அறையில் இரண்டு சந்திப்புகள் மோதக் கூடாது. இதைச் சோதிக்க, ரேண்டமாக 200 கோரிக்கைகளை உருவாக்கி உள்ளே அனுப்பும் டெஸ்ட் ஒன்று தினமும் இரவில் ஓடுகிறது. பெரும்பாலும் பாஸ். எப்போதாவது ஃபெயில் ஆகும்போது லாகில் (ஓட்டத்தின் பதிவில்) 'ஓவர்லாப் உள்ளது' என்ற ஒரே வரிதான் இருக்கும். காலையில் மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிவிடுகிறது. ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் சீட் எண்ணை 42 என்று நிரந்தரமாக வைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். ஃபெயில் ஆனால் தானாக மறுபடி ஓடட்டும் என்கிறார் இன்னொருவர். டெஸ்டையே எடுத்துவிடலாம் என்று குழுத் தலைவர் நினைக்கிறார். நான் 42 வைத்தும் ஓட்டிப் பார்த்தேன். அதே எண்ணிலேயே ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில் என்று வருகிறது. சீட் எண் கொடுத்த பிறகும் இது எப்படி நடக்கிறது? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

டெஸ்டை எடுக்க வேண்டாம். மற்ற எதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த யோசனைதான். இரண்டு சந்திப்புகள் மோதுகின்றன என்று அந்த டெஸ்ட் உங்களிடம் பலமுறை சொல்லிவிட்டது. டெஸ்டிலேயே பிழை இருக்க வாய்ப்பு உண்டு என்றாலும், அதுவும் தேடிப் பார்த்தால்தான் தெரியும். இப்போதைக்கு அதன் குறை ஒன்றுதான்: எந்த 200 கோரிக்கைகளை வைத்து மோதல் வந்தது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஃபெயில் ஆகும்போது, அதே ஃபெயிலை மறுபடி வரவழைக்கத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்தே தர அதைப் பழக்க வேண்டும். கீழே நான் சொல்வது எல்லாம் இதற்காகத்தான்.

பைத்தானின் ரேண்டம் மாட்யூலுக்குள் ஓடுவது மெர்சென் ட்விஸ்டர் என்ற அல்காரிதம். மாட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரு ஜப்பானியர்கள் 1998-இல் வெளியிட்டது. இதற்குள் தற்செயல் என்று எதுவுமே கிடையாது. தொடக்கத்தில் ஒரு எண்ணைக் கொடுத்தால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் கணக்குப் போட்டு வருவதுதான். அந்தத் தொடக்க எண்தான் சீட். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால், பைத்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடுகிறது. அது எந்த எண் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. உங்கள் குழு ஃபெயில் ஆன ஒவ்வொரு இரவிலும் இழந்தது இந்த ஒரு எண்ணைத்தான்.

ஆகவே எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். ரன் தொடங்கும்போது ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து ஒரு ரேண்டம் எண்ணை எடுங்கள், அதை லாகில் எழுதுங்கள், பிறகு அதையே சீட்டாகக் கொடுங்கள். என்விரான்மென்ட் வேரியபிள் (ப்ரோக்ராமைத் தொடங்கும்போது வெளியிலிருந்து தரும் மதிப்பு) வழியாக எண் வந்திருந்தால், புதிதாக எடுக்காமல் அதையே பயன்படுத்துங்கள். நேரத்தை நொடிக் கணக்கில் எடுத்து சீட்டாக வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். டெஸ்டுகளைப் பங்கிட்டு இணையாக ஓட்டும் நான்கு வொர்க்கர்கள் ஒரே நொடியில் கிளம்பினால் நான்கும் ஒரே டேட்டாவைத்தான் சோதிக்கும்.

எண்ணை எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். ஃபெயில் ஆனால் மட்டும் எழுதலாம் என்று பலர் கடைசியில் வைக்கிறார்கள். டெஸ்ட் மாட்டிக்கொண்டு நின்று, நேரம் முடிந்துவிட்டது என்று சி.ஐ. (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) அதைக் கொன்றுவிட்டால் அந்தக் கடைசி வரி வரவே வராது. சி மொழியில் எழுதிய லைப்ரரி ஏதாவது உள்ளே கிராஷ் ஆனாலும் அதே கதிதான். அதனால் முதல் வரியாகவே எழுதுங்கள், எழுதியதும் அது நினைவகத்திலேயே தங்கிவிடாமல் உடனே லாகுக்குப் போகும்படி பஃபரை ஃப்ளஷ் செய்யுங்கள். எண்ணை மட்டும் தனியாக எழுதாமல், அந்த ஒரு டெஸ்டை அந்த சீட்டோடு ஓட்டும் முழுக் கமாண்டையும் எழுதிவிடுங்கள். காலையில் வருபவர் அப்படியே காப்பி செய்து ஒட்டினால் ஓட வேண்டும். அப்பாச்சி லூசீன் தேடுபொறியின் டெஸ்டுகள் இதை அழகாகச் செய்கின்றன. எது ஃபெயில் ஆனாலும் 'இதை வைத்து மறுபடி ஓட்டலாம்' என்று ஒரு கமாண்ட் வரி வரும். அதில் சீட் எண்ணோடு, அந்த ரன்னுக்கு ரேண்டமாகத் தேர்ந்தெடுத்த மொழி அமைப்பும் டைம் ஜோனும்கூட இருக்கும். துருக்கி மொழி அமைப்பில் மட்டும் உடையும் கோட் உலகத்தில் நிறைய உண்டு. அதைப் பிடிக்க இது நல்ல வழி.

இப்போது அந்த 42.

சீட்டை நிரந்தரமாக ஒரே எண்ணில் நிறுத்திவிட்டால் ஒவ்வொரு இரவும் அதே 200 கோரிக்கைகள்தான் வரும். நீங்கள் நினைத்துப் பார்க்காத ஒரு சேர்க்கை என்றைக்காவது தானாக வந்து விழும் என்பதற்காகத்தானே ரேண்டம் டெஸ்ட் எழுதினீர்கள்? அந்த வாய்ப்பு அதோடு முடிந்துபோகும். ஆனால் அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் பட்டனின் நிறத்தை மாற்றி கோட் அனுப்பும்போது, எப்போதோ நுழைந்த பக் ஒன்று அன்றைக்குப் பார்த்துத் தலைகாட்டி அவர் வேலையை நிறுத்துவது சரியில்லை. நான் பரிந்துரைப்பது இரண்டு ஓட்டங்கள். கோட் சேர்க்கும் முன் ஓடும் டெஸ்டுகளுக்கு நிலையான சீட். இரவு ஓட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிய சீட். பைத்தானில் ரேண்டம் டெஸ்டுகள் எழுத உதவும் ஹைபாதிசிஸ் லைப்ரரியில் இதற்கென்றே ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே உதாரணங்களையே உருவாக்கும்.

தானாக மறுபடி ஓட்டுவது பற்றி. புதிய சீட்டோடு மறுபடி ஓட்டினால் அது வேறு டேட்டா, வேறு சோதனை. அதில் பாஸ் ஆனது முதல் ஃபெயிலைப் பற்றி எதுவுமே சொல்லாது. ஆனால் அதே சீட்டோடு மறுபடி ஓட்டுவது மிகவும் பயனுள்ளது. இரண்டாவது முறையும் ஃபெயில் ஆனால் பிழை உங்கள் கைக்குள் வந்துவிட்டது. பாஸ் ஆனால், சீட்டுக்குக் கட்டுப்படாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எதுவாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் ஃபெயில் என்றே நிற்கட்டும். இரண்டாவது முடிவைப் பக்கத்தில் ஒரு குறிப்பாகச் சேர்த்தால் போதும்.

42 வைத்தும் முடிவு மாறியது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? நீங்கள் அதை ஓட்டிப் பார்த்தது நல்ல காரியம், உங்கள் கடிதத்திலேயே பெரிய தடயம் அதுதான். ரேண்டம் மாட்யூலிடம் கேட்டு வாங்கும் எண்களை மட்டும்தான் சீட் கட்டுப்படுத்தும். ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடிய மற்ற விஷயங்கள் ஒரு ப்ரோக்ராமில் ஏராளம். அவற்றில் ஏதோ ஒன்று உங்கள் டெஸ்டுக்குள் நுழைகிறது.

தேடலைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன். 200 கோரிக்கைகளையும் உருவாக்கி முடித்த கணமே, மென்பொருளுக்குள் அனுப்பும் முன், அவற்றை ஜேசனாக (டேட்டாவை எழுத்து வடிவில் வைக்கும் முறை) மாற்றி, எஸ்.ஹெச்.ஏ.-256 ஹாஷ் (உள்ளீடு சற்று மாறினாலும் மாறிவிடும் சுருக்கக் குறியீடு) போட்டு, அதன் முதல் எட்டு எழுத்துகளை லாகில் எழுதுங்கள். உள்ளீட்டின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதே சீட்டோடு டெஸ்டை இரண்டு முறை ஓட்டுங்கள். கைரேகைகள் வேறுபட்டால், டேட்டாவை உருவாக்கும் உங்கள் டெஸ்ட் கோடில்தான் ஓட்டை. கைரேகை ஒன்றாக இருந்து முடிவு மட்டும் மாறினால், ஒதுக்கீடு செய்யும் மென்பொருளே ஒரே உள்ளீட்டுக்கு வெவ்வேறு விடை தருகிறது. இரண்டாவது நிலை என்றால் உங்கள் பயனர்களுக்கும் அது நடந்துகொண்டிருக்கலாம்.

இரண்டு ஓட்டங்களும் தனித்தனி ப்ராசஸ்களாக, அதாவது ஒவ்வொரு முறையும் பைத்தானைப் புதிதாகக் கிளப்பி ஓட்டுவதாக, இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். காரணம் பைத்தானின் செட் (ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு). அது தன் உறுப்புகளை அவற்றின் ஹாஷ் மதிப்பைப் பார்த்தே அடுக்கிக்கொள்ளும். 3.3 பதிப்பிலிருந்து, ஸ்ட்ரிங்குகளின் ஹாஷ் மதிப்பில் ஒவ்வொரு ப்ராசஸ் தொடங்கும்போதும் ஒரு ரேண்டம் உப்பு (மதிப்பை மாற்றிவிடும் கூடுதல் எண்) சேர்க்கப்படுகிறது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அது. ஆகவே அறைப் பெயர்களை ஒரு செட்டில் போட்டு அதன்மேல் லூப் ஓட்டினால், எந்த அறை முதலில் வரும் என்பது ப்ராசஸுக்கு ப்ராசஸ் மாறும். ஒரே ப்ராசஸுக்குள் டெஸ்டைப் பத்து முறை ஓட்டினால் பத்து முறையும் அதே வரிசைதான் வரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். டிக்‌ஷனரியில் இந்தத் தொல்லை இல்லை, அது சேர்த்த வரிசையைக் காப்பாற்றும் என்பது 3.7 முதல் மொழியின் விதி. செட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இதைக் கட்டுப்படுத்த பைத்தான் ஹாஷ் சீட் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் உண்டு. அதை டெஸ்ட் கோடுக்குள் வைத்துப் பலன் இல்லை. பைத்தான் கிளம்பும்போதே அதைப் படித்துவிடும், அதற்குப் பிறகு மாற்றினால் அந்த ப்ராசஸில் எதுவும் மாறாது. டெஸ்டைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் வையுங்கள். அதையும் எப்போதும் 0 என்று நிறுத்த வேண்டாம். லாகின் முதல் வரியில் எழுதிய முதன்மை சீட்டிலிருந்தே ஒரு எண்ணை எடுத்துக் கொடுத்தால் வரிசைப் பிழைகளும் தேடலுக்குள் வந்துவிடும், மறுபடி ஓட்டவும் முடியும். உங்கள் மென்பொருளில் வரிசை முக்கியம் என்றால், லூப்புக்கு முன் செட்டை சார்ட் செய்வதுதான் (வரிசைப்படுத்துவதுதான்) சரியான திருத்தம்.

அடுத்து நான் சந்தேகப்படுவது யூ.யூ.ஐ.டி., அதாவது ஒன்றுபோல் இன்னொன்று வராதபடி உருவாக்கும் அடையாள எண். உங்கள் மென்பொருள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ஐ.டி. கொடுக்கும் என்று ஊகிக்கிறேன். யூ.யூ.ஐ.டி.4 ஃபங்ஷன் தன் எண்களை நேரடியாக ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து வாங்குகிறது. ரேண்டம் மாட்யூலுக்கு நீங்கள் என்ன சீட் கொடுத்தாலும் அதைப் பாதிக்காது. சீக்ரெட்ஸ் மாட்யூலும் அப்படித்தான். ஐ.டி. எப்படி இருந்தால் என்ன, அது வெறும் பெயர்தானே என்று தோன்றும். ஆனால் கோரிக்கைகளைத் தொடக்க நேரத்தின்படி சார்ட் செய்யும் இடத்தைப் பாருங்கள். நேரமும் ஐ.டி.யும் சேர்ந்த ஜோடியாக சார்ட் செய்திருந்தால், இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் தொடங்கும்போது யார் முதலில் என்பதை ஐ.டி. தீர்மானிக்கும். ஐ.டி. ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். ஆக சீட் 42, கோரிக்கைகள் அதே 200, ஆனாலும் ஒதுக்கும் வரிசை வேறு. ஒரு வரிசையில் மோதல் வரும், மற்றதில் வராது. உங்கள் அறிகுறியோடு மிகவும் பொருந்திப்போவதால் இந்த இடத்தை முதலில் திறந்து பாருங்கள். ஐ.டி. உருவாக்கும் ஃபங்ஷனை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றி, டெஸ்டில் சீட் கொடுத்த ஜெனரேட்டரிலிருந்து 128 பிட் எடுத்து ஐ.டி. செய்துகொண்டால் தீர்ந்துவிடும்.

அப்புறம் கடிகாரம். இரவில் ஃபெயில், காலையில் பாஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். சீட் மாறுவது மட்டுமே காரணமாக இருக்கலாம். ஆனால் நேரத்தைக் கையாளும் மென்பொருளில் அதை அப்படியே நம்பிவிட மாட்டேன். கோடில் எங்காவது 'இப்போது' என்று கேட்டால், நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு ஓடும் டெஸ்டும் காலையில் ஓடும் டெஸ்டும் வேறு வேறு நாட்களில் முடியும் சந்திப்புகளை உருவாக்கக்கூடும். கோடைகால நேர மாற்றம் உள்ள டைம் ஜோன் என்றால் வருடத்தில் ஒரு நாள் 23 மணி நேரம், ஒரு நாள் 25 மணி நேரம். 'இப்போது' என்பதை ஒரு பாராமீட்டராக உள்ளே அனுப்புங்கள். டெஸ்டில் அந்த 'இப்போது' எது என்பதையும் சீட்டிலிருந்தே தேர்ந்தெடுங்கள். மாத இறுதி, ஆண்டு இறுதி, பிப்ரவரி 29 ஆகியவை சற்று அடிக்கடி வரும்படி வைப்பது நல்லது. அதன் பிறகு டெஸ்ட் எந்த மணிக்கு ஓடினாலும் ஒன்றுதான்.

இன்னொரு ஓட்டை, எல்லோரும் ஒரே ஜெனரேட்டரைப் பகிர்ந்துகொள்வது. ரேண்டம் மாட்யூலை அப்படியே கூப்பிட்டால், ப்ராசஸ் முழுவதற்கும் பொதுவான ஒரே ஜெனரேட்டரிடம் கேட்கிறீர்கள். நெட்வொர்க் லைப்ரரி ஒன்று, மறுமுயற்சிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அதே ஜெனரேட்டரிடம் ஒரு எண் வாங்கினால் போதும், அதற்குப் பின் உங்களுக்கு வரும் எல்லா எண்களும் ஒரு இடம் தள்ளிப்போகும். உங்கள் டெஸ்டுக்கு முன்னால் வேறு டெஸ்டுகள் ஓடியிருந்தாலும் இப்படித்தான். மொத்தமாக ஓட்டும்போது ஃபெயில், தனியாக ஓட்டினால் பாஸ் என்று வரும் கதைகளில் பாதி இதனால்தான் என்பது என் அனுபவம்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு டெஸ்டும் தனக்கென ஒரு ரேண்டம் ஆப்ஜெக்ட் வைத்துக்கொள்ளட்டும். அதன் சீட், முதன்மை சீட்டையும் டெஸ்டின் பெயரையும் ஒட்டிய ஸ்ட்ரிங்காக இருக்கட்டும். பைத்தான் 3-இல் சீட்டாக ஸ்ட்ரிங் கொடுத்தால், உப்பு சேர்ந்த ஹாஷைப் பயன்படுத்தாமல் எஸ்.ஹெச்.ஏ.-512 வழியாக எண்ணாக மாற்றிக்கொள்கிறது, ஆகவே எந்த ப்ராசஸிலும் ஒரே விளைவு. நீங்களாகவே ஹாஷ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு சீட் எண் தயாரித்தால் மேலே சொன்ன உப்புக்குள் மறுபடி விழுவீர்கள். இப்படிச் செய்துவிட்டால் டெஸ்டைத் தனியாக ஓட்டினாலும், 800 டெஸ்டுகளுக்கு நடுவே ஓட்டினாலும், வேறு வொர்க்கருக்கு மாற்றினாலும் அதே 200 கோரிக்கைகள் வரும். பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் ரேண்டம்லி என்ற ப்ளகின் இந்த வேலையில் ஒரு பகுதியைத் தானாகவே செய்கிறது. ஒவ்வொரு டெஸ்டின் தொடக்கத்திலும் பொது ஜெனரேட்டரை மறுபடி சீட் செய்கிறது, டெஸ்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடுகிறது, எந்த எண்ணை வைத்துச் செய்தது என்று மேலேயே எழுதுகிறது. நம்பை (எண் கணக்கு லைப்ரரி), ஃபேக்கர் (போலிப் பெயர்களை உருவாக்கும் லைப்ரரி) போன்றவற்றுக்குத் தனித்தனி ஜெனரேட்டர்கள் உண்டு என்பதையும் கவனியுங்கள். உங்கள் டேட்டாவில் ஃபேக்கர் பெயர்கள் இருந்தால் அதற்கும் சீட் கொடுத்தாக வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் பை (வரிசையைக் குறிப்பிடும் பகுதி) இல்லாத டேட்டாபேஸ் கேள்விக்குப் பதில் வரும் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிட்டாலும் அப்படியே. கோ மொழியில் மேப் மீது லூப் ஓட்டினால் வரிசை வேண்டுமென்றே கலைக்கப்படும். த்ரெட்கள் (ஒரே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) இருந்தால் எது எப்போது ஓடும் என்பதை எந்த சீட்டும் தீர்மானிக்காது. ஒதுக்கீட்டின் முடிவெடுக்கும் பகுதியை த்ரெட் இல்லாமல் தனியாக ஓட்டும்படி பிரித்துவிட்டு, அதை மட்டும் ரேண்டமாகச் சோதிப்பதே உங்கள் அளவுக்குப் போதும். ஃபவுண்டேஷன் டிபி என்ற டேட்டாபேஸை உருவாக்கியவர்கள் இன்னும் தூரம் போனார்கள். நெட்வொர்க், டிஸ்க், கடிகாரம் மூன்றையும் ஒற்றை த்ரெட்டுக்குள் சிமுலேட் செய்து, மெஷின் விழுவது உட்பட எல்லாமே ஒரு சீட்டிலிருந்து வரும்படி அமைத்தார்கள். அந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அதை முதல் நாளிலேயே முடிவு செய்து கட்ட வேண்டும்.

சரி, ஓட்டைகளை அடைத்துவிட்டீர்கள், ஒரு இரவு ஃபெயில் ஆகிறது, சீட் எண் கையில் இருக்கிறது. இத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர். சீட் எண்ணுக்கு ஆயுள் குறைவு. அடுத்த வாரம் யாராவது கோரிக்கையில் 'புரொஜெக்டர் வேண்டுமா' என்று ஒரு புதிய ஃபீல்டைச் சேர்த்து அதையும் ரேண்டமாக நிரப்பினால், அதே சீட் முற்றிலும் வேறு 200 கோரிக்கைகளைத் தரும். பழைய பக் ரிப்போர்ட்டில் உள்ள எண் அன்றோடு செல்லாது. பைத்தான் பதிப்பை மாற்றினாலும் ஆபத்து உண்டு. ரேண்டம் ஃபங்ஷன் தரும் 0 முதல் 1 வரையிலான எண்வரிசை மாறாது என்று ஆவணம் உறுதி தருகிறது, ஷஃபிள் (கலைத்துப் போடுவது), சாய்ஸ் (ஒன்றைத் தேர்ந்தெடுப்பது) போன்றவற்றுக்கு அந்த உறுதி இல்லை. நம்பையின் புதிய ஜெனரேட்டரும் பதிப்பு தாண்டி உறுதி தருவதில்லை. சி++-இல் மெர்சென் ட்விஸ்டர் என்ன எண் தர வேண்டும் என்று ஸ்டாண்டர்டே சொல்லியிருக்கிறது, ஆனால் அதை 1 முதல் 6 வரை என்று மாற்றித்தரும் டிஸ்ட்ரிபியூஷன்களை ஒவ்வொரு கம்பைலரும் தன் விருப்பப்படி எழுதலாம். லினக்ஸில் கிடைத்த ஃபெயில் விண்டோஸில் வராமல் போவது இதனாலும் நடக்கும்.

அதனால் ஃபெயில் ஆன உடனே அந்த 200 கோரிக்கைகளையும் ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி, சி.ஐ.யின் ஆர்ட்டிஃபாக்டாக (ஓட்டம் முடிந்த பிறகும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஃபைலாக) சேமியுங்கள். கூடவே கமிட் எண் (கோடின் எந்த நிலை என்று காட்டுவது), பைத்தான் பதிப்பு, லைப்ரரிப் பதிப்புகள், அன்றைய 'இப்போது'. டெஸ்டுக்கு ஒரு ஃபைலைக் கொடுத்தால் எதையும் உருவாக்காமல் அதிலிருந்தே படித்து ஓடும் வசதியும் வேண்டும். சீட் இன்றைய விசாரணைக்கு உதவும், ஃபைல் அடுத்த வருடமும் உதவும்.

பிறகு அதைச் சுருக்குங்கள். 200 கோரிக்கைகளைக் கண்ணால் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முதல் 100-ஐ நீக்கிவிட்டு ஓட்டுங்கள். இன்னும் ஃபெயில் என்றால் அவை தேவையில்லை. பாஸ் என்றால் திரும்பச் சேர்த்துவிட்டு அடுத்த 100-ஐ நீக்கிப் பாருங்கள். பிறகு 50 ஐம்பதாக, 25 இருபத்தைந்தாக, கடைசியில் ஒவ்வொன்றாக. எதை எடுத்தாலும் பாஸ் ஆகிவிடும் என்ற நிலை வந்ததும், மிச்சம் இருப்பவற்றின் மதிப்புகளை எளிமையாக்குங்கள்: 10:37 என்பதை 10:00 ஆக்கினாலும் ஃபெயில் ஆகிறதா, கால அளவை 45 நிமிடத்திலிருந்து 1 நிமிடம் ஆக்கினால்? இதையெல்லாம் இருபது வரி லூப் ஒன்று தானாகச் செய்துவிடும். முடிவில் கையில் நிற்பது, உதாரணத்துக்குச் சொல்கிறேன், இரண்டே கோரிக்கைகளாக இருக்கலாம்: ஒன்று 10:00 முதல் 11:00 வரை, இன்னொன்று 10:00 மணிக்குத் தொடங்கி 10:00 மணிக்கே முடியும் பூஜ்ய நிமிடச் சந்திப்பு. அதைப் பார்த்த மாத்திரத்தில், எல்லையில் 'சிறியது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்று எழுதியிருக்கிறோமா என்று தேடத் தோன்றும். சுருக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் அதே ஓவர்லாப் செய்திதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு ஏதோ எக்ஸெப்ஷன் வந்து ஃபெயில் ஆனதையும் கணக்கில் எடுத்தால், சுருக்கிச் சுருக்கி வேறு ஒரு பக்கில் போய் நிற்பீர்கள்.

இதைக் கையால் எழுத விருப்பம் இல்லையென்றால் ஹைபாதிசிஸுக்கு மாறுங்கள். கிளாசன், ஹியூஸ் இருவரும் 2000-இல் ஹாஸ்கெல் மொழிக்காக வெளியிட்ட குவிக்செக் வழிவந்த கருவி இது. டேட்டாவை உருவாக்குவது, ஃபெயில் ஆனதைச் சுருக்குவது, அடுத்த ஓட்டத்தில் அதையே முதலில் முயல்வது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஃபெயில் ஆனவற்றை ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு மறைவான டைரக்டரியில் சேமிக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் சி.ஐ. மெஷினில் அந்த டைரக்டரி ஓட்டம் முடிந்ததும் காணாமல் போய்விடும். அதனால் அதைச் சேமித்து வையுங்கள், அல்லது ஃபெயிலை மறுபடி வரவழைக்கும் ஒரு டெகரேட்டர் வரியை (டெஸ்ட் ஃபங்ஷனுக்கு மேலே ஒட்டும் வரி) லாகில் அச்சிடச் சொல்லும் செட்டிங்கைப் போடுங்கள். அந்த வரி ஹைபாதிசிஸின் அதே பதிப்பில்தான் வேலை செய்யும், ஆகவே நீண்ட காலத்துக்கு நம்ப வேண்டாம். கண்டுபிடித்த சுருக்கமான உதாரணத்தை எக்ஸாம்பிள் டெகரேட்டரில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அது எப்போதும் ஓடும், ரேண்டம் எப்படிப் போனாலும்.

பிழையைத் திருத்திய பிறகு 'இருபது முறை ஓட்டினேன், பாஸ்' என்று யாராவது சொல்வார்கள். உங்கள் டெஸ்ட் 100 ஓட்டத்தில் ஒருமுறை ஃபெயில் ஆகும் வகை என்று வைத்துக்கொள்வோம். எதையுமே திருத்தாமல் 20 முறை ஓட்டினாலும், 20-உம் பாஸ் ஆக 82 சதவீத வாய்ப்பு இருக்கிறது. திருத்தம் சரிதான் என்று 95 சதவீதம் நம்ப வேண்டும் என்றால் சுமார் 300 ஓட்டம் தொடர்ந்து பாஸ் ஆக வேண்டும். சேமித்த அந்த இரண்டு கோரிக்கைகள் இருந்தால்? திருத்துவதற்கு முன் ஒருமுறை ஓட்டி ஃபெயில் ஆவதைப் பாருங்கள், திருத்திய பின் ஒருமுறை ஓட்டி பாஸ் ஆவதைப் பாருங்கள். குழுத் தலைவரிடம் பேசும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் டெஸ்டை எடுக்க நினைப்பது, அது நேரத்தை விழுங்குகிறது என்பதால்தான் இருக்கும். நேரத்தை விழுங்குவது ஃபெயிலைத் திரும்ப வரவழைக்க முடியாததுதான் என்று அவருக்குப் புரியும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், சீட்டை முதல் வரியில் எழுதுவதும் உள்ளீட்டை ஃபைலில் சேமிப்பதும் அரை நாள் வேலை, அதை முதலில் முடியுங்கள். இனி வரும் எந்த இரவும் வீணாகாது. அடுத்து கைரேகைச் சோதனை, அது காட்டும் பக்கத்தில் யூ.யூ.ஐ.டி., செட், கடிகாரம் என்ற வரிசையில் தேடுங்கள். ஓட்டைகள் அடைபட்ட பின், அடுத்த ஃபெயில் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். 1 முதல் 10,000 வரை ஒவ்வொரு எண்ணையும் சீட்டாகக் கொடுத்து, ஒவ்வொன்றையும் புதிய ப்ராசஸில், வார இறுதியில் சும்மா கிடக்கும் ஒரு மெஷினில் ஓட விடுங்கள். ஃபெயில் ஆன எண்கள் திங்கட்கிழமை காலையில் ஒரு பட்டியலாக இருக்கும். அவற்றில் ஒன்றைச் சுருக்கிப் பாருங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால், அந்த ஜேசன் ஃபைலையும் சார்ட் செய்யும் பகுதியின் கோடையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.